கைக்குக் கை: முதன்முறையாகத் தங்கமும் வெள்ளியும் வாங்கப் போகிறவர்களுக்கு

 

 

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் மிஹ்ராபுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், வாப்பா வீட்டுல என் பங்கு வித்த காசு நாலு லட்சம் கையில இருக்கு. பேங்க்ல டெபாசிட் போட்டா வட்டி. சும்மா வெச்சிருந்தா கரைஞ்சு போகுது. வீட்ல ஆரம் எடுக்கலாம்ங்கிறாங்க. மச்சான் பிஸ்கட்டா வாங்கு, வெள்ளிதான் இன்னும் ஏறும்ங்கிறாரு. கடைக்காரர் மாசச் சீட்டுல சேரச் சொல்றாரு. நான் எதை வாங்கட்டும்?" என்று கேட்டார்.

விலை ஏறுமா இறங்குமா என்று சொல்ல எனக்குத் தெரியாது. அது மறைவான ஞானம், அது அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் எப்படி வாங்குவது என்பதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. 'ஸர்ஃப்' என்பார்கள். தங்கம், வெள்ளி, காசு ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் சட்டம். அரபிக் கல்லூரியில் அதை நாங்கள் ஓதும்போது, இந்தக் காலத்தில் யார் தீனாரையும் திர்ஹமையும் மாற்றப் போகிறார்கள் என்று நினைத்து ஓடிவிட்டோம். பரீட்சைக்குத்தான் படித்தோம். அந்தப் பாடத்தின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு நகைக்கடையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தங்கத்தையும் வெள்ளியையும் வாங்கிச் சேர்த்து வைப்பது கூடுமா? தங்கத்தையும் வெள்ளியையும் பதுக்கி வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவு செய்யாதவர்களுக்குக் கடும் வேதனை உண்டு என்று தவ்பா அத்தியாயத்தில் எச்சரிக்கை வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இப்னு உமர் (ரலி) உள்ளிட்ட ஸஹாபாக்கள் இதற்குத் தந்த விளக்கம்: ஜகாத் கொடுக்கப்பட்ட செல்வம் அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்ட பதுக்கல் ஆகாது. ஆகவே சேமிக்கலாம், ஜகாத் என்ற கடமையோடு. ஆண்கள் தங்கத்தை அணிவதுதான் ஹராம். காசாகவோ கட்டியாகவோ சொந்தமாக்கி வைத்திருப்பதற்குத் தடை இல்லை.

நகையா, காசா?

நம் ஊர்களில் தங்கம் என்றாலே நகைதான். பெண்மக்கள் அணிந்து மகிழ்வதற்கு நகை வாங்கினால் அது ஒரு கணக்கு. அதில் செய்கூலி போனால் போகட்டும், அணிகிற சந்தோஷத்துக்கு அது விலை. ஆனால் அந்தச் சகோதரரைப் போல, பணத்தின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று வாங்குபவர் நகை வாங்கினால் தெரிந்தே நஷ்டத்தில் இறங்குகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள தங்கத்தில் செய்த நகை. செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். (வேலைப்பாடு அதிகம் என்றால் இதைவிடக் கூடுதலாகவும் கேட்பார்கள்.) 1,12,000 ரூபாய் ஆயிற்று. அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 3,360 ரூபாய். ஆக மொத்தம் 1,15,360. மறுநாளே அதை விற்கப் போனால் தங்கத்தின் எடைக்குத்தான் விலை போடுவார்கள். செய்கூலியும் வராது, சேதாரமும் வராது, அரசுக்குப் போன வரியும் வராது. 15,360 ரூபாய் ஒரே நாளில் போய்விட்டது. விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்துக்கே திரும்புகிறீர்கள்.

அதே ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்தைக் காசாக வாங்கினால்? வார்ப்புக் கூலி 2 சதவீதம் என்று வைத்தால் 1,02,000. ஜிஎஸ்டி 3,060. மொத்தம் 1,05,060. மூன்றில் ஒரு பங்கு இழப்போடு முடிகிறது. ஆனால் இந்தக் கூலி கடைக்குக் கடை மாறும், எடைக்கு எடையும் மாறும். ஒரு கிராம், இரண்டு கிராம் காசில் சதவீதம் அதிகமாக இருக்கும். எடை கூடக் கூடக் குறையும். அதற்காக எடுத்த எடுப்பில் 50 கிராம் பிஸ்கட் வாங்கிவிடாதீர்கள். நாளை ஆஸ்பத்திரி செலவுக்குப் பாதி வேண்டும் என்றால் பிஸ்கட்டை வெட்டி விற்க முடியாது. முதன்முறை வாங்குபவருக்கு 8 கிராம் அல்லது 10 கிராம் காசு நடுநிலையானது என்பது என் அபிப்பிராயம். கூலியும் கட்டுப்படியாகும், தேவைக்கு ஒன்றொன்றாகவும் விற்கலாம்.

காசு வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 999 அல்லது 999.9 என்றிருந்தால் 24 கேரட் சுத்தத் தங்கம். 995 என்றும் வரும். 916 என்றிருந்தால் 22 கேரட். அதாவது ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம், மீதி செம்பும் பிறவும். சில கடைகளில் 22 கேரட் காசும் விற்கிறார்கள், 24 கேரட் காசும் விற்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், விலை ஒன்றல்ல. எந்தக் கேரட்டுக்கு எந்த விலை போட்டிருக்கிறார்கள் என்று பில்லில் கண்டிப்பாகப் பாருங்கள். 'பவுன்' என்கிற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்று கடையில் பவுன் என்றால் 8 கிராம். நம் பாட்டிமார் வைத்திருந்த பழைய ஆங்கிலேயர் பவுன் காசு 7.98 கிராம், அதுவும் 22 கேரட். அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் சுமார் 7.32 கிராம்தான்.

முத்திரை குத்தி, தரச் சான்றோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்து வரும் காசு என்றால் உறையைப் பிரிக்காமலே வையுங்கள். பிரித்துவிட்டால் விற்கும்போது உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வோம் என்பவர்கள் உண்டு. கலப்படம் செய்பவர்கள் டங்ஸ்டன் என்ற உலோகத்தை உள்ளே வைத்து மேலே தங்கம் பூசுகிறார்கள். அதன் அடர்த்தி கிட்டத்தட்ட தங்கத்தின் அடர்த்தியேதான், தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் தெரிந்தவர், பாதி விலை, வெளிநாட்டுத் தங்கம் என்று யார் வந்தாலும் பக்கத்தில் போகாதீர்கள். பில் இல்லாத தங்கம் வேண்டவே வேண்டாம். நகை வாங்குபவர்கள் ஆறு எழுத்துக்களும் எண்களும் கலந்த எச்யுஐடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஹால்மார்க் கட்டாயமான ஊர்களில் அது இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்கக் கூடாது. செல்போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும்.

இன்னொன்று: வாங்குகிற அன்றே "திரும்ப விற்றால் என்ன கழிப்பீர்கள்?" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். வங்கிகள் தங்கக் காசு விற்கும், ஆனால் தாங்கள் விற்ற காசையே திரும்ப வாங்குவதில்லை. பலருக்கு இது விற்கப் போகிற நாளில்தான் தெரிகிறது.

கைபர் மாலையும் என் மோதிரமும்

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் பட்டம் வாங்கி முதல் இமாமத்தில் சேர்ந்த புதிது. நிக்காஹ் முடிந்த அடுத்த வருடம் என் மனைவிக்குச் சிவப்பும் பச்சையும் கல் வைத்த ஒரு மோதிரம் எடுத்தேன். அந்தச் சம்பளத்தில் அது எனக்குப் பெரிய தொகை. பில்லில் மொத்த எடை என்று ஒரு எண் இருந்தது. பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன். நான்கு வருடம் கழித்து மகனின் வைத்தியத்துக்காக விற்கப் போனபோது, கடைக்காரர் கல்லைப் பெயர்த்து ஒரு ஓரமாக வைத்தார். அரக்கையும் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு எடை போட்டார். நான் தங்கம் என்று நினைத்துக் காசு கொடுத்ததில் கணிசமான பங்கு கண்ணாடிக் கல்லும் அரக்கும். அந்த மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் முஸ்லிம் ஷரீஃபில் ஓதிய ஒரு ஹதீஸ் நெஞ்சில் தைத்தது.

ஃபளாலா பின் உபைத் (ரலி) என்ற ஸஹாபி கைபர் போரின்போது ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். அதில் தங்கமும் மணிகளும் கலந்திருந்தன. வாங்கிய பிறகு பிரித்துப் பார்த்தால் தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. அவர்களுக்கு லாபம்தான்! ஆனாலும் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார்கள். தனித்தனியாகப் பிரிக்கப்படும் வரை அப்படி விற்கக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள்.

தங்க தீனார் கொடுத்துத் தங்க மாலை வாங்கும்போது இரு பக்கமும் எடை சமமாக வேண்டும் என்பது அந்தத் தடையின் சட்டக் காரணம். நாம் ரூபாய் கொடுத்து வாங்குவதால் எடைச் சமம் என்ற நிபந்தனை நமக்கு வராது. ஆனால் எவ்வளவு தங்கம், எவ்வளவு மணி என்று தெரியாமல் கைமாறக் கூடாது என்கிற அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். அந்த ஸஹாபி லாபம் வந்த இடத்தில் போய்க் கேட்டார். நான் ஹதீஸை அரபியில் மனனம் செய்து வைத்துக்கொண்டு, பில்லில் கல் எடை தனியாகப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. கடைக்காரரை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆகவே கல் நகை எடுத்தே ஆக வேண்டும் என்றால், மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கல்லுக்குக் கல்லின் விலை, தங்கத்துக்குத் தங்கத்தின் விலை.

பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுக்கும்போது நம்மில் பலர் விழுந்துவிடுகிற குழி இன்னும் ஆழமானது. பத்துக் கிராம் பழைய சங்கிலியைக் கொடுத்து, எட்டரைக் கிராம் புதுச் சங்கிலியை எடுத்து வருகிறோம். அல்லது அதே பத்துக் கிராமை எடுத்துக்கொண்டு கூலிக்கு மேலே பணம் கட்டுகிறோம். தங்கத்துக்குத் தங்கம் ஏற்ற இறக்கமாக மாறுகிறது. நான்கு மத்ஹபு இமாம்களும் இதை வட்டி என்றே சொல்கிறார்கள். நகை செய்த கூலிக்குக் கூடுதல் வாங்கலாம் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) போன்ற சிலர் சொன்ன கருத்து உண்டு. பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. பிலால் (ரலி) அவர்கள் மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு மரக்கால் கொடுத்து, உயர்ந்த பழம் ஒரு மரக்கால் வாங்கி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதை வட்டி என்று சொல்லி, உங்கள் பழத்தை முதலில் விற்றுவிட்டு அந்தக் கிரயத்தில் வேறு பழத்தை வாங்குங்கள் என்று வழி காட்டினார்கள். நகைக்கும் அதே வழிதான். பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். எண்ணுங்கள். பிறகு அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ புதியதை வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதானே பாய், எதுக்கு இந்தச் சுற்று?" என்று கேட்பார்கள். ஒன்றல்ல. பணம் கையில் வந்த பிறகுதான், பழைய நகைக்கு அவர் என்ன விலை போட்டார் என்பதே உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

பொருளாளர் வரட்டும் என்று சொல்லாதீர்கள்

புகாரியில் ஒரு சம்பவம். மாலிக் பின் அவ்ஸ் (ரஹ்) நூறு தீனாரை வெள்ளிக் காசாக மாற்ற ஆள் தேடினார்கள். தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) கூப்பிட்டார்கள். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். பேரம் முடிந்தது. தங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, என் பொருளாளர் ஃகாபாவிலிருந்து வரட்டும், வெள்ளியைத் தருகிறேன் என்றார்கள். ஃகாபா மதீனாவுக்கு வெளியே இருக்கும் இடம், தூரம் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த உமர் (ரலி) அவர்களின் காதில் இது விழுந்தது. வெள்ளியை வாங்காமல் அவரைவிட்டுப் பிரியவே கூடாது என்று மாலிக்கிடம் ஆணையிட்டுச் சொன்னார்கள். தங்கத்துக்கு வெள்ளி மாற்றுவது கைக்குக் கை இல்லாவிட்டால் வட்டி என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துக் காட்டினார்கள்.

தல்ஹா (ரலி) ஏமாற்றுபவரா? நவூது பில்லாஹ். வள்ளல் தன்மைக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய விஷயத்திலேயே சில மணி நேரத் தாமதத்தை உமர் (ரலி) அனுமதிக்கவில்லை. இன்று நாம், முகம் தெரியாத ஒரு செயலியில் பணத்தைப் போட்டுவிட்டுத் தங்கம் எங்கோ இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ரூபாய் நோட்டு தங்கமும் வெள்ளியும் அல்லவே, அதற்கும் இந்தச் சட்டமா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காகிதப் பணம் தங்கம், வெள்ளியைப் போலவே முழுமையான நாணயம், வட்டியின் சட்டமும் ஜகாத்தின் சட்டமும் அதற்கும் உண்டு என்று முடிவு செய்தது. அதன்படி ரூபாய் கொடுத்துத் தங்கம் வாங்குவதும் கைக்குக் கை நடக்க வேண்டும். முஃப்தி தகீ உஸ்மானி போன்ற ஹனஃபி அறிஞர்கள், நோட்டு பழைய காலத்து செப்புக் காசைப் போன்றது, விலையை முடிவு செய்து ஒரு பக்கத்தையாவது அந்த இடத்திலேயே கைப்பற்றினால் மறுபக்கம் தாமதிக்கலாம் என்கிறார்கள். இரண்டும் ஆதாரத்தோடு சொல்லப்பட்டவை. யாரும் யாரையும் தூற்ற வேண்டாம். நான் என் ஜமாஅத்தாருக்குச் சொல்வது பேணுதலான முதல் கருத்தைத்தான். அதைப் பின்பற்றியவர் மார்க்கத்திலும் தப்பிக்கிறார், கடை மூடிவிட்டுப் போனால் தெருவில் நிற்பதிலிருந்தும் தப்பிக்கிறார்.

கார்டைத் தேய்த்தோ, கூகுள் பேயிலோ பணம் கட்டலாமா? கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே வரவு ஆனால் அதுவும் கைப்பற்றியதாகவே கருதப்படும் என்று அதே அகாடமி 1990ல் ஜித்தாவில் முடிவெடுத்திருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்ததும் காசை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள். தவணைக்கு வட்டி போடும் கடன் அட்டையில் தங்கம் வாங்குவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

மாதச் சீட்டு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது இரண்டு விதம். ஒன்றில், மாதாமாதம் கட்டும் பணம் பணமாகவே இருக்கும். பதினோரு மாதம் முடிந்ததும் அன்றைய விலையில் நகை எடுப்பீர்கள். வியாபாரம் அன்றுதான் நடக்கிறது, பொருளும் அன்றே கைக்கு வருகிறது. ஆகவே கைக்குக் கை என்ற நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் அதுவரை உங்கள் பணம் கடைக்காரரிடம் கடன். கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையோடு கிடைக்கும் எந்தப் பலனும் வட்டி என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அப்படியிருக்க, ஒரு மாதத் தவணையை நாங்கள் போடுகிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும் போனஸை நான் கேள்வி கேட்காமல் விட மாட்டேன். வியாபாரச் சலுகை என்று அதை அனுமதிப்பவர்களும் உண்டு. இரண்டாவது விதத்தில், ஒவ்வொரு மாதமும் கட்டும் பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக மாற்றி எழுதிக்கொள்வார்கள். கிராம் நோட்டில் ஏறும், தங்கம் கைக்கு வராது. பொருளாளர் ஃகாபாவிலிருந்து பதினோரு மாதம் கழித்து வருவார்! இதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கட்டியவர்களின் பணத்தோடு நகைக்கடைகள் மூடப்பட்ட செய்திகளை நம் தமிழ்நாட்டிலேயே நாம் வாசித்திருக்கிறோம். அந்த ஆயிரம், இரண்டாயிரத்தை வீட்டிலேயே தனி உண்டியலில் போட்டு வைத்து, ஒரு காசுக்குச் சேர்ந்ததும் போய் வாங்கலாம். விலை அதற்குள் ஏறிவிடாதா என்றால், ஏறலாம். இறங்கவும் செய்யலாம்.

செல்போன் செயலிகளில் விற்கும் 'டிஜிட்டல் தங்கம்' எங்கள் கட்டுப்பாட்டில் வரவில்லை, ஆபத்து இருக்கிறது என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்திருக்கிறது. அரசு வெளியிட்ட தங்கப் பத்திரத்தில் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் வட்டி தருவதாகவே எழுதியிருக்கிறது. நமக்கு அதில் வேலை இல்லை.

வெள்ளி

மச்சான் சொன்ன வெள்ளிக்கு வருவோம். வெள்ளி மலிவு என்பதால் புதிதாக வாங்குபவர்களுக்கு அதில் ஆசை வருகிறது. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தங்கத்துக்குப் போலவே இதற்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி. சின்ன வெள்ளிக் காசுகளில் கூலி, பொருளின் மதிப்போடு ஒப்பிட்டால் மிக அதிகம். வாங்கினால் அரைக் கிலோ, ஒரு கிலோ கட்டியாக வாங்க வேண்டும். 999 என்று பாருங்கள். கொலுசு, தட்டு, குத்துச்சாமான் எல்லாம் விற்கும்போது அழுக்கு, பற்று என்று கழிப்பார்கள். வெள்ளி கறுக்கும், அதனால் மதிப்புக் குறையாது. தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், தேய்மானம்தான் மிச்சம்.

விலையின் ஆட்டமும் வெள்ளியில் அதிகம். 2011 ஏப்ரலில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) 49 டாலருக்குப் பக்கத்தில் போன வெள்ளி, 2015 கடைசியில் 14 டாலருக்கும் கீழே இறங்கியது. தங்கம் மட்டும் என்ன? 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மறுபடி பார்த்தது 2008 ஜனவரியில். இருபத்தெட்டு ஆண்டுகள்! ரூபாயின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்ததால் நம் நாட்டில் அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை; நம் பெரியவர்கள் தங்கம் இறங்கவே இறங்காது என்று நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இரண்டு, மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தில், மகளின் கல்லூரிக் கட்டணத்தில், வீட்டு வாடகை முன்பணத்தில் தங்கம் வாங்காதீர்கள். கடன் வாங்கி வாங்கவே வாங்காதீர்கள். மகளின் கல்யாணத்துக்குத் தங்கம் சேர்க்கிறேன் என்று சொல்லும் தகப்பன்மார்களிடம் ஒன்று கேட்கிறேன்: அதை உங்களிடம் கேட்பது யார்? மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. சரி, அது தனி ஜும்ஆவுக்கான தலைப்பு.

ஜகாத்தில் ஒரு மாற்றம்

நகையிலிருந்து காசுக்கு மாறுபவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் விஷயம் இது. அணிகிற நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் அதிகம். அந்த மத்ஹபின் வலுவான கருத்தில், பெண் அணிவதற்காக அளவோடு வைத்திருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உண்டு. ஆனால் காசுக்கும் கட்டிக்கும் இந்த வேறுபாடு கிடையாது. எல்லா மத்ஹபிலும் ஜகாத் உண்டு. பத்துப் பவுன் சங்கிலியை இத்தனை வருடமாக ஜகாத் இல்லை என்று வைத்திருந்த ஷாஃபிஈ குடும்பம், அதை விற்றுக் காசாக மாற்றி, கூடவே இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அன்றிலிருந்து சட்டம் மாறிவிடுகிறது.

நிஸாப் கணக்கு: தங்கத்துக்கு இருபது தீனார், வெள்ளிக்கு இருநூறு திர்ஹம். நபியவர்களின் காலத்தில் ரோமர்களின் தங்கக் காசும் பாரசீகர்களின் வெள்ளிக் காசும்தான் அரபு நாட்டில் புழங்கின. ஹிஜ்ரி 77ல் கலீஃபா அப்துல் மலிக், கலிமா பொறித்த தீனாரை அச்சிட்டார். அந்தக் காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எடை சுமார் 4.25 கிராம். இருபதால் பெருக்கினால் 85 கிராம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் தோலா கணக்கில் 87.48 கிராம் என்பார்கள். ஏறக்குறைய பதினோரு பவுன். வெள்ளிக்கு முதல் கணக்கில் 595 கிராம், இரண்டாவது கணக்கில் 612.36 கிராம். ஒரு கிலோ வெள்ளிக் கட்டியை வாங்கி அலமாரியில் வைத்தவர் இரண்டு கணக்கிலும் நிஸாபைத் தாண்டிவிட்டார் என்பதைப் பாருங்கள். நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 25 கிராம் வெள்ளி அல்லது அதன் அன்றைய விலை. வாங்கிய விலையில் கணக்குப் போடக் கூடாது. தங்கம் குறைவாக இருந்தாலும் கூடவே ரொக்கமும் வெள்ளியும் இருந்தால், ஹனஃபி மத்ஹபில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெள்ளியின் நிஸாப் மதிப்பை எட்டிவிட்டால் கடமை வந்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் மத்ஹபுப்படி உங்கள் பள்ளி இமாமிடம் கணக்கை எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் திருட்டு பயம். வங்கி லாக்கருக்கு வாடகைதான் கொடுக்கிறோம், வட்டி இல்லை. ஆனால் வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியரின் மோசடியாலோ பொருள் போனாலும், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான் அதன் பொறுப்பு. இது 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. எங்கே வைத்தாலும், யாருடையது என்பதை எழுதி வையுங்கள். மனைவியின் பணத்தில் வாங்கிய காசு மனைவிக்குச் சொந்தம், கணவருடைய அலமாரியில் இருப்பதால் அவருடையதாகிவிடாது. வஸிய்யத்துக்குரிய பொருள் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. ஒரு மையித்தை அடக்கிவிட்டு வந்த அன்று இரவே, வாப்பா பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார், எங்கே என்று தெரியவில்லை என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அந்தச் சகோதரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மகளின் மீதி இரண்டு வருடப் படிப்புக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்தார். ஆரமும் எடுக்கவில்லை, சீட்டிலும் சேரவில்லை. மூன்று கடைகளில் கூலியையும், திரும்ப எடுக்கும்போது கழிப்பதையும் விசாரித்து, கடைசியில் ஒரு கடையில் 8 கிராம் காசு ஒன்று வாங்கினார். மீதியை அவசரப்படாமல் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார். வீட்டில் கொஞ்சம் வருத்தம்தான் என்றார். மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு பில்லை என்னிடம் நீட்டினார். தூய்மை, எடை, கூலி, வரி எல்லாம் தனித்தனியாக இருந்தன. பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் அன்றைய பிறைத் தேதியை எழுதியிருந்தார். "அடுத்த வருஷம் இதே பிறையில ஜகாத் கணக்குப் பார்க்கணும்ல ஹஜ்ரத்" என்றார்.